ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரியக் கிறிஸ்துமஸ் இசையைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

இத்தாலியிலிருந்து தொடங்குங்கள். டிசம்பர் பிறந்ததும் நான் முதலில் தேடிப்போய்க் கேட்பது சம்போன்யாவைத்தான். தோல் பையில் காற்றை ஊதி நிரப்பி, கக்கத்தில் இடுக்கி அழுத்தி வாசிக்கிற கருவி அது. முன்பெல்லாம் கிறிஸ்துமஸை ஒட்டி அப்ருஸ்ஸோ மலைப்பக்கத்து இடையர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ரோமுக்கு இறங்கி வருவார்கள். தெருவோர மாதா படத்துக்கு முன்னால் இருவராக நின்று வாசிப்பார்கள். ஒருவரிடம் சம்போன்யா, மற்றவரிடம் ஒரு சின்னக் குழல். அந்தக் குழலுக்கும் நம் நாதஸ்வரம் போலச் சீவாளி உண்டு. சம்போன்யாவிலோ ஒரு சுருதி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒத்து கேட்டு வளர்ந்த காதுக்கு அது சட்டென்று பிடித்துப்போகும்.

அவர்கள் வாசிப்பதில் ‘து ஷெந்தி தல்லே ஸ்தெல்லே’ பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். விண்மீன்களை விட்டு இறங்கி, குளிரும் பனியுமான குகைக்கு வந்தாயே என்று குழந்தையிடம் உருகும் பாட்டு. 1754இல் புனித அல்போன்ஸ் லிகோரி இயற்றியது. தொடையில் தட்டிப் பாருங்கள், மூன்று மூன்றாக விழும். தொட்டில் ஆட்டுகிற கணக்கு அது. இளவயதில் இத்தாலியில் இருந்த இசையமைப்பாளர் ஹாண்டல், இயேசுவைப் பாடும் தன் பெரிய இசைப்படைப்பான ‘மெசையா’வில் இடையர் காட்சிக்கு முன் வரும் வாத்திய இசைக்கு ‘பிஃபா’ என்று பெயர் வைத்தது இந்த ஊதுகாரர்களை நினைத்துத்தான்.

அப்புறம் ஆஸ்திரியா. 1818இல் ஓபர்ன்டார்ஃப் கோயிலில் ‘ஸ்டில்லே நாஹ்ட்’ (ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’) முதன்முதலில் ஒலித்தபோது துணைக்கு இருந்தது ஒரு கிட்டார். அதே தொட்டில் நடை. பெரிய இசைக்குழுவெல்லாம் வேண்டாம், கிட்டாரோடு இரண்டு குரல் பாடும் பதிவாகத் தேடுங்கள்.

போலந்துக்காரர்களிடம் அசல் தாலாட்டே இருக்கிறது: ‘லுலாய்ஜே யெசுனியு’. அந்நாட்டு இசையமைப்பாளர் சோப்பினின் முதல் ஸ்கெர்ட்சோ என்ற படைப்பில் பியானோ புயல்போல அடித்துக்கொண்டிருக்கும். நடுவில் அது ஓய்ந்து, இந்தத் தாலாட்டு மெதுவாக வரும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அவர்களுடைய ‘பூக் ஷெ ரோஜி’யிலும் மூன்று எண்ணிக்கைதான், நடை மட்டும் வேறு. பொலோனேஸ் என்ற போலந்து நடனத்தின் மிடுக்கில் அரசன் நடந்து வருவது போலிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இங்கிலாந்துக்கு டிசம்பர் 24ஐ ஒதுக்கி வையுங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆராதனையை பிபிசி வானொலி நேரடியாகத் தருகிறது. முதல் பாட்டின் முதல் கண்ணியை ஒரு சிறுவன் வாத்தியம் ஏதுமில்லாமல் தனியே பாடுவான். அங்கே மதியம் மூன்று மணி, நமக்கு இரவு எட்டரை.