விண்கலத்தின் முகம் ஏன் மழுங்கியிருக்கிறது?

விண்கலங்களின் வெப்பக் கவசம் பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: சேர், வளியோடு உராய்வதால்தானே கலம் சூடேறுகிறது?

உராய்வின் பங்கு சிறியது, பிள்ளை. பூமியைச் சுற்றிவிட்டு இறங்கும் கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் கதியில் வருகிறது. முன்னால் இருக்கும் வளிக்கு விலக அவகாசமே இல்லை. அது நெருக்குண்டு, ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடேறுகிறது. விடைத்தாளில் உராய்வை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

முல்லைத்தீவு, மீனவர்: படகின் அணியம் கூராக இருந்தால்தான் கடலைக் கிழித்து ஓடும். கலம் மட்டும் ஏன், ஐயா, தட்டையான பக்கத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது?

படகுக்குக் கடலின் எதிர்ப்பு வேண்டாம், தம்பி. கலத்துக்கோ அந்த எதிர்ப்புத்தான் வேண்டும். கதி குறைவது அதனால்தான். அமெரிக்கப் பொறியியலாளர்களும் முதலில் உங்களைப் போலவே நினைத்து, ஏவுகணை முனைகளைக் கூராக வரைந்தார்கள். கூர்முனையில் அதிர்ச்சி அலை, அதாவது நெருக்குண்ட சூடான வளியின் முன்விளிம்பு, உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெப்பம் நேரே உள்ளே இறங்கும். மழுங்கிய முனையே நல்லது என்று 1950களின் தொடக்கத்தில் ஜூலியன் அலன், அல்பிரட் எகர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அகன்ற முகத்துக்கு முன்னால் அலை விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பங்கு சுற்றியோடும் வளியோடு போய்விடும். இராணுவ விடயம் என்பதால் இது சில ஆண்டுகள் இரகசியமாகவே இருந்தது. என்னைக் கேட்டால், முதல் கவசம் இந்த வடிவம்தான்.

மாங்குளம், ஆசிரியை: மிச்ச வெப்பத்தை எது தாங்குகிறது?

சந்திரனிலிருந்து செக்கனுக்கு 11 கிலோமீற்றர் கதியில் திரும்பிய அப்பலோ கலங்களில் ஒருவகைப் பிசின் பூச்சு இருந்தது. அது கருகிக் கரியாகும்போது வெளிவரும் வாயு, சூடான வளியைத் தள்ளிப் பிடிக்கும். கருகிய பகுதி வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். அழிவதுதான் அதன் வேலை. விண்ணோடங்களில் சிலிக்கா இழை ஓடுகள் ஒட்டப்பட்டிருந்தன. திரும்பத் திரும்பப் பயன்படும், ஆனால் எளிதில் உடையும். 2003 பெப்ரவரி 1 இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்ணோடம் சிதறியதற்கும் ஓடுகளையே பலர் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் ஏவும்போது எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு மோதி உடைத்தது இடது சிறகின் விளிம்பிலிருந்த காபன் தகட்டை.

வவுனியா வடக்கு, வாசகர்: தடித்த இரும்பு போதாதா?

போதாது. பாரம் அதிகம்; வெப்பத்தையும் உள்ளே கடத்தும்.

புதுக்குடியிருப்பு, வாசகர்: காணியில் ஓர் உலோகத் துண்டு கிடக்கிறது. 2015 இல் இலங்கைப் பக்கம் விழுந்த விண்குப்பையாக இருக்குமா?

இருக்காது. டபிள்யூ.ரி.1190எஃப் என்று பெயரிடப்பட்ட அந்தக் குப்பை, நவம்பர் 13 முற்பகல் தென்கரைக்கு அப்பால், கடலுக்கு மேலே நுழைந்தது. கவசம் எதுவும் இல்லாததால் வானிலேயே உடைந்து சிதறியது. ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து அதைப் பதிவுசெய்தார்கள். உங்கள் காணியில் கிடப்பது வெடிபொருளாக இருக்கலாம். தொடாதீர்கள், பிள்ளைகளையும் அண்டவிடாமல், உடனே பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.