சுருக்கம் எழுத நேரம் காணாதெண்டு அழுற பிள்ளைக்கு

அக்கா, மகள் போட்டிப் பரீட்சைக்கு எழுதிப் பழகின தாளை நேத்து இரவு இருந்து பாத்தன், முதல்ல ஒண்டு சொல்லுறன், பிள்ளைக்குத் தமிழ் குறைவில்ல, பயப்படாதீங்க. 240 சொல்லுப் பகுதிய மூண்டில ஒரு பங்கா, அதாவது 80 சொல்லில சுருக்கணும். அவ முதல் பந்திக்கே 60 சொல்லு குடுத்திட்டா, மிச்ச ரெண்டு பந்தியும் 20 சொல்லுக்குள்ள நெரிபட்டுக் கிடக்கு. நேரம் காணாம போனதும் இதாலதான், ஒண்டையும் விட மனசில்லாம வசனம் வசனமா பாத்து எழுதியிருக்கா.

அரை மணித்தியாலம் இருந்தா முதல்தரம் பேனை எடுக்காம முழுக்க வாசிக்கட்டும். ரெண்டாந்தரம் பந்திக்கு ஒரு வரி எண்டு தனியா குறிக்கட்டும், இதுக்கே 10 நிமிசம் போகும், போகட்டும். பிறகு வினாத்தாளைக் கவுத்து வச்சிட்டு அந்த வரிகள மட்டும் பாத்து எழுதணும், அப்பதான் சொந்த வசனம் வரும்.

எங்கட ஊர்க் கதையிலயே காட்டுறன். "1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் பறந்து வந்து திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் எண்ணெய்த் தாங்கியையும் தாக்கின" எண்டு இருந்தா, "1942இல் ஜப்பான் திருகோணமலையின் படைநிலைகளைத் தாக்கியது" போதும். மூண்டு இடத்தையும் ஒரு பொதுச்சொல் தூக்கிட்டுது பாருங்க, இந்த ஒரு வித்தை கைவந்தா பாதி வேலை முடிஞ்சுது. உதாரணம், உவமை, ஒரே கருத்தைத் திருப்பிச் சொல்லுற வசனம் எல்லாத்தையும் தயங்காம விடலாம், ஆனா பகுதியில இல்லாத தன்ர அபிப்பிராயத்த மட்டும் சேக்கவே கூடாது.

சொல்லு ஒவ்வொண்டா எண்ணி நேரத்த வீணாக்க வேணாம். தன்ர கையெழுத்தில ஒரு வரிக்கு எத்தினை சொல்லு வருமெண்டு இப்பவே பாத்து வைக்கச் சொல்லுங்க, ஏழெண்டா பதினொரு பன்னிரண்டு வரியில 80 வந்திரும். கடைசி 5 நிமிசத்தில ஒருக்கா சரியா எண்ணி, கேட்டிருந்தா கீழ எழுதினாக் காணும்.

ஒரு நாளைக்கு ஒரு பேப்பர் ஆசிரியர் தலையங்கம், போன்ல டைமர் வச்சு. நீங்க பக்கத்தில நிண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" எண்டு கேக்காதீங்க அக்கா, உங்கட பதட்டம் பிள்ளைக்கும் தொத்துது. சனிக்கிழமை அஞ்சு தாளோட அனுப்புங்க, நான் இருந்து திருத்தித் தாறன்.