சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான். போன வாரம் பீரோவுக்குப் பின்னால் காலி மாத்திரை அட்டைகளும் ஒரு சிரிஞ்சும் கிடைத்தன. டேபென்டடால், வலி மாத்திரை என்றார் மெடிக்கல் கடைக்காரர். "ஒரு மாசம் ரூமில் போட்டுப் பூட்டு, தானா விட்டுடுவான்" என்கிறார் என் அண்ணன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: பூட்டாதீர்கள் அம்மா. உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் எனக்குப் பயமெல்லாம் அந்த ஒரு மாதம் முடிந்து கதவைத் திறக்கிற நாளை நினைத்துத்தான்.

டேபென்டடால் என்பது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை, அபின் வகையில் சேர்ந்தது. விழுங்க வேண்டியதைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? அதைக் கட்டியாகப் பிடித்து வைக்கிற மாவும் டால்க்கும் கரையாமல் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைக்கும், ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கும், அந்தக் கிருமி இதய வால்வு வரைக்கும் போகும். ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றலாம். உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஊசி வழியாகப் போதை ஏற்றுகிறவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர்.

சரி, பூட்டினால் என்ன ஆகும்? கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கு, தூக்கமே இல்லாத ராத்திரிகள் என்று துடிப்பான். ஒரு வாரம், பத்து நாளில் அதில் பெரும்பகுதி அடங்கிவிடும், ஆசை மட்டும் அடங்காது. அதற்குள் பழைய அளவைத் தாங்குகிற சக்தியை உடம்பு இழந்திருக்கும். வெளியே வந்தவன் பழைய கணக்கிலேயே ஏற்றிக்கொண்டால் மூச்சு மெதுவாகி அப்படியே நின்றுவிடும். பிள்ளை விட்டுவிட்டான் என்று வீடே நிம்மதியாக இருக்கும்போதுதான் இப்படி உயிர் போகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். துடிப்பைத் தணிக்கவும், ஆசையை மாதக்கணக்கில் கட்டுக்குள் வைக்கவும் மருந்து உண்டு. போலீஸ் கேஸ் பயத்துக்கு வருகிறேன்: சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். போதைப் பழக்கமும் அதில் அடங்கும். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. அந்த மருத்துவமனையிலேயே இருக்கிற நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசமாகச் செய்துவிடலாம்.

அப்புறம், கையில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டையை மடிக்கச் சொல்வீர்கள் இல்லையா, அதை மாமா முன்னால் கேட்காதீர்கள். நீங்களும் அவனும் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்.