வேஷம் கட்டலாம் வாங்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜனவரியில் புற்றுநோய் நிதிக்காக 5 கிலோமீட்டர் நடை. இருவாச்சிப் பறவை வேஷம் போட நினைக்கிறேன். அட்டையில் அலகு செய்து பார்த்தேன், தலை முன்பக்கம் இழுக்கிறது. பாதையும் சரியாகத் தெரியவில்லை.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கழுத்தைப் பிடிப்பது எடை மட்டுமல்ல, அலகு எவ்வளவு முன்னால் நீள்கிறது என்பதும்தான். நெற்றியிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகாதீர்கள். மேலே இருக்கும் கொண்டையைப் பெரிதாக வைத்தாலே இருவாச்சி என்று தெரிந்துவிடும்.

அட்டையை விடுங்கள், காலைப் பனியிலேயே நமுத்துவிடும். செருப்புச் சாமான் விற்கும் கடையில் 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் கேட்டு வாங்குங்கள். அடித்தளத்துக்குக் கட்டட வேலைக்காரர்கள் போடும் ஹெல்மெட் நல்லது. உள்ளே இருக்கும் பட்டி தலைக்கும் ஓட்டுக்கும் இடைவெளி விடுவதால் காற்று போகும். தாடைவார் கட்டாயம் வேண்டும். அலகு இன்னும் இழுத்தால், ஹெல்மெட்டின் பின்பக்கம் சின்ன மணல் பொட்டலம் ஒட்டிச் சரிக்கட்டலாம்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அழுத்தினால் வளைவுகள் பிளந்துகொள்ளும். க்ளூ கன் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் வேஷத்தைக் கதவடைத்த காரில் வெயிலில் வைத்தால் பசை இளகி, அலகு தனியாக வந்துவிடும்.

பார்வைக்கு வாய்ப்பிளவைத் திறந்துவிட்டுக் கறுப்பு கொசுவலை ஒட்டுங்கள். உட்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றால் உங்களுக்குப் பாதை தெரியும், மற்றவருக்கு உங்கள் முகம் தெரியாது. ஆனாலும் காலடி தெரியாது. வேகத்தடை, சாக்கடை மூடி வந்தால் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் நடக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

இறக்கையை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதம் கீழைக்காற்று பலமாக அடிக்கும், ஆளையே திருப்பிவிடும். கறுப்பு, வெள்ளைத் துணியை நான்கு விரல் அகல நாடாக்களாகக் கிழித்துச் சட்டைக் கையில் தைத்தால் காற்று ஊடே போய்விடும். கண்ணை மறக்காதீர்கள்: ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெளிர். உங்கள் பக்கத்தில் இருவாச்சி பார்க்க நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் காடுகளுக்குப் போய்வந்தவர்கள் நிறைய, கவனித்துவிடுவார்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: ஊர்த் திருவிழாவில் என் மகன் புலி வேஷம் கட்டப் போகிறான். உடம்புக்கு எந்தப் பெயின்ட் பூசலாம்? காகிதக் கூழில் முகமூடி செய்தால் பூஞ்சை பிடிக்கிறதே?
– வாசகர், நகரி

பதில்: திருச்சூர் புலிக்களியில் எனாமல், வார்னிஷ் கலந்து பூசுவது உண்டு. அது கைதேர்ந்தவர்கள் வேலை, அழிக்க மண்ணெண்ணெய் வரை போக வேண்டிவரும். சிறுவனுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரையும் முகச்சாயம் போதும். முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். பூசுவதற்கு முன் எண்ணெய் தடவக் கூடாது, தண்ணீர்ச் சாயம் பிடிக்காது. காய்ந்ததும் மேலே பவுடர் ஒற்றினால் வியர்வையில் சீக்கிரம் வழியாது. அழிக்கும்போதுதான் தேங்காய் எண்ணெய்.

முகமூடிக்கு நான்கைந்து அடுக்குக் காகிதம் போதும். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதால்தான் பூஞ்சை வருகிறது. பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், முகத்தில் படும் பொருளில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நன்கொடைக்கான க்யூஆர் கோடை வேஷத்திலேயே ஒட்டலாமா?
– வாசகி, புளியரை

பதில்: ஒட்டலாம், தொப்பைமேல் வேண்டாம். வளைந்த இடத்தில் ஸ்கேன் ஆவது கஷ்டம். தட்டையான அட்டையில் ஒட்டி மார்பில் தொங்கவிடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வெயிலில் கண்ணாடிபோல் மின்னி போனைக் குழப்பும், மேட் கேளுங்கள். உண்டியல் கூட வருபவர் கையில் இருக்கட்டும்.