லடாக்கின் லே நகருக்குப் போனால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: வயது 56. ஊர் கன்னியாகுமரி பக்கம் கொட்டாரம். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். ஞாயிறுதோறும் மருந்துவாழ் மலை ஏறி இறங்குகிற தெம்பு இருக்கிறது. ராணுவத்தில் இருக்கும் மகன் லேக்குக் கூப்பிடுகிறான். போய் வந்தவர்களோ நெஞ்சு படபடத்தது என்கிறார்கள். போகலாமா?

பதில்: பிரஷர் கட்டுக்குள் இருந்தால், உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மருந்துவாழ் மலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது காலுக்குப் பழக்கம், அவ்வளவுதான். அதன் உச்சியில் வீசுவதும் ஏறக்குறைய நம் கடற்கரைக் காற்றேதான்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் மட்டும் நம்மூரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே குறையும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் இதைக் கண்டுபிடித்து மூச்சையும் துடிப்பையும் முடுக்கிவிடும். ஒரு நடைக்கு ஏற்றும் சுமை குறைந்தால் நடையைக் கூட்டத்தானே வேண்டும்? இதயம் செய்வது அதைத்தான். முதல் நாள் படபடப்பு பெரும்பாலும் இந்த வகை.

அப்புறம் சிறுநீர் அதிகம் பிரியும், ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இருக்கிற அளவிலேயே அடர்த்தியாகும். சில நாளில் இதயம் நிமிடத்துக்கு இறைக்கும் ரத்தம் பழைய அளவை ஒட்டி வந்துவிடும். நாடி மட்டும் கொஞ்சம் வேகமாகவே ஓடும். சிவப்பணுக்கள் நிஜமாகவே பெருக வாரக்கணக்கு ஆகும். அதற்குள் நீங்கள் கொட்டாரம் திரும்பியிருப்பீர்கள்.

என் கவலை இதயத்தின் வலது பக்கம் பற்றித்தான். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியது வலது கீழறை. சிலருக்கு அந்த அழுத்தம் எல்லை மீறி நுரையீரலில் நீர் கோத்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், படுத்தால் திணறல் என்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். முடிந்தவரை சீக்கிரம் கீழே இறங்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 88 காட்டுவது லேயில் சாதாரணம். ஓய்விலும் எண் இறங்கிக்கொண்டே போனால்தான் விஷயம்.

மெட்டோப்ரோலால் துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. அதனால் படி ஏறும்போது மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் இளைக்கலாம். நாடி நிதானமாக இருப்பதை வைத்து எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் பிரஷரும் துடிப்பும் எகிறும்.

விமானத்தில் போய் இறங்குவதால் முதல் இரண்டு நாள் அறையிலேயே இருங்கள். மது வேண்டாம். லேக்குப் பக்கத்தில் உள்ள கர்துங்லா மலைக்கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். மகன் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் அதை மூன்றாம் நாளுக்குப் பிறகு வைத்துக்கொண்டு, அங்கே அதிக நேரம் நிற்காமல் இறங்கிவிடுங்கள்.