கடல் உள்வாங்கியது என்றால் சுனாமியா?

கேள்வி: சுனாமியில் எங்க வீடு போச்சு. அதிலிருந்து அம்மைக்குக் கடல் என்றாலே பயம். "கன்னியாகுமரியில் திடீரென உள்வாங்கிய கடல், பொதுமக்கள் பீதி" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டாங்க. எது நிஜச் செய்தி, எது பரபரப்புக்குப் போடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, குளச்சல்

பதில்: அம்மையின் பயத்தில் தப்பே இல்லை. அந்தப் பயம் இந்தக் கரை முழுக்க இருக்கிறது என்று தெரிந்துகொண்டே 'பீதி' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அந்தச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்துப் பாருங்கள். நீர்மட்டம் குறைந்ததால் விவேகானந்தர் பாறைக்குப் படகு தாமதமாகக் கிளம்பியது, அப்புறம் சரியாகிவிட்டது என்று அடியில் போட்டிருப்பார்கள். நடந்தது அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும், இது வள்ளத்தில் போகிற யாருக்கும் தெரியும். தலைப்பில் 'திடீரென' என்கிறார்களே, அந்த வற்றம் இறங்கி முடிய ஆறு மணி நேரம் ஆகும். தினசரிக் காலண்டரில் அன்றைக்கு என்ன திதி என்று பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

"சுனாமி அறிகுறியா?" என்று கேள்விக்குறி போட்டிருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். எழுதினவருக்கு விவரம் தெரிந்திருந்தால் நம்மிடம் கேட்டிருக்க மாட்டார். சுனாமிக்கு ஒரு காரணம் இருக்கும். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலநடுக்கம் வந்தது, அளவு 9.1. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்ற விவரமே இல்லாமல் வருகிற சுனாமிச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நிஜ எச்சரிக்கை பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்கிற அரசு மையமான, ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (INCOIS), எந்தக் கரைக்கு, எத்தனை மணி வரை, அலை எத்தனை மீட்டர் என்று மட்டும் சொல்லும். கள்ளக்கடல் எச்சரிக்கையும் அப்படித்தான் வரும். தெற்கே ரொம்ப தூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. பீதி, பதற்றம் என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனால் இப்படிப்பட்ட நாலு வரி யார் கண்ணிலும் படாமல் போய்விடும், எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

அதனால் அம்மையிடம் "அது பொய்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அன்றைய எச்சரிக்கையை எடுத்து வாசித்துக் காட்டுங்கள், ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லி வையுங்கள்: கண்ணெதிரே சில நிமிஷத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கினால் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே மேட்டுப் பக்கம் போய்விட வேண்டும்.