சாட்சி நேரத்தில் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன். வயது 26. கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். அப்பா குடியை விட்ட காலத்திலிருந்து எங்கள் குடும்பம் பெந்தெகொஸ்தே சபையில் இருக்கிறது. ஊருக்கு வரும் ஞாயிறுகளில் ஆராதனையில் கீபோட் வாசிப்பவன் நான்தான். எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலேயே தெரியும். உபவாசம் இருந்தும் அழுது ஜெபித்தும் அது மாறவில்லை. தங்கைக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது பாஸ்டர் மஸ்கெலியாப் பக்கத்துச் சபையில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார், அம்மாவும் சம்மதித்துவிட்டார். இனியும் மறைப்பது கர்த்தருக்கு முன்பாகப் பொய் என்று தோன்றுகிறது. ஆராதனையின் சாட்சி நேரத்தில் எழுந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடலாமா? பொலிஸ் பிரச்சினை வருமா? சில இரவுகளில் உயிரோடு இருப்பதே வேண்டாம் என்றிருக்கிறது. பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

சாக வேண்டும் என்று தோன்றும் இரவுகளைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்; நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படி ஓர் இரவு மறுபடி வந்தால், தனியாகக் கிடக்காமல் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். தங்கையிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மஸ்கெலியாப் பெண். நீங்கள் வெளிப்படுவதையும் இந்தக் கல்யாணத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். வெளிப்படுவதற்குக் காலக்கெடு கிடையாது, கல்யாணத்துக்கு உண்டு. ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்’ என்று இந்த வாரமே அம்மாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். காரணத்தை இப்போதே சொல்லியாக வேண்டியதில்லை. ஆனால், கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லி நீங்கள் தலையசைத்தால், ஒன்றும் அறியாத ஒரு பெண் தன்னிடம்தான் ஏதோ குறை என்று எண்ணியே காலம் முழுக்கக் குமைந்துகொண்டிருப்பாள். அதற்கு நீங்கள் உடன்பட்டால் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

சாட்சி நேரம் எப்படி நடக்கும் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். குடியிலிருந்தோ நோயிலிருந்தோ கடனிலிருந்தோ மீண்டவர்கள் எழுந்து, முன்பு இப்படி இருந்தேன், கர்த்தர் என்னை இப்படி மாற்றினார் என்று சொல்ல, சபை அல்லேலூயா சொல்லி அதை ஏற்றுக்கொள்ளும். அந்த இடத்தில் வேறு விதமான கதைக்கு வழியில்லை. ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று நீங்கள் நிறுத்தினாலும், பாவ அறிக்கை செய்துவிட்டான், இனி விடுதலைக்காகக் காத்திருக்கிறான் என்று மீதியைச் சபையே சேர்த்துக்கொள்ளும். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு தலையில் கை வைப்பார், மூப்பர்கள் சூழ்ந்துகொள்வார்கள், பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் அம்மா, தன் மகனைப் பற்றிய செய்தியை ஊரோடு சேர்ந்து முதன்முறையாகக் கேட்பார். ஆகவே அங்கே சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. பேசினால் ஆபத்து என்று தெரிந்த இடத்தில் பேசாதிருப்பதைப் பொய் என்று நான் கருதவில்லை. பிசாசை விரட்டும் விடுதலை ஜெபத்துக்கு உட்படச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார ஸ்தாபனம் 1990 இலேயே நீக்கிவிட்டது. இல்லாத நோய்க்கு, அதுவும் பிசாசின் பெயரைச் சொல்லி, வைத்தியம் பார்த்துக்கொள்வது உங்கள் மனதை இன்னும் சிதைக்கும்.

சபையை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டி ஆடும் ஆணை விடிய விடிய விழித்திருந்து பார்க்கும் அதே தோட்டத்துச் சனங்கள், பெண்மை சாயல் கொண்ட பையனை மறுநாள் சந்தியில் வைத்து என்ன பாடுபடுத்துகிறார்கள் என்பதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

பொலிஸ் பற்றிக் கேட்டீர்கள். பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள்தாம் இங்கே சிக்கல். இங்கிலாந்து தன் சொந்தச் சட்டத்தை 1967 இல் தளர்த்திக்கொண்டது; நாமோ 1995 இல் திருத்தம் கொண்டுவந்து, அதுவரை ஆண்களை மட்டும் தொட்ட 365அ பிரிவைப் பெண்களுக்கும் நீட்டினோம். இவற்றைத் திருத்துவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறுமுன்பே 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. எனினும் அந்தப் பிரிவுகள் செயலைத்தான் குற்றமாக்குகின்றன. ஒருவர் தன் ஈர்ப்பைச் சொல்வது குற்றமாகாது. கொழும்பில் தனியாக இருக்கும் உங்களுக்கு நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. செயலி வழியாகப் பழகி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு அனுப்புவேன் என்று பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள்.

வேத வசனம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். உபாகமம் 23 ஆம் அதிகாரம் விதையடிக்கப்பட்டவர்களைக் கர்த்தருடைய சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56 அப்படிப்பட்ட அண்ணகர்களுக்கு ஆலயத்துக்குள்ளேயே இடமும் நித்திய நாமமும் தருவதாக வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8 இல் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியான ஓர் அண்ணகருக்கு வழியோரத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவர்களும் நீங்களும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைக்கும் வசனங்களும் அதே வேதத்தில் உண்டு என்பதை, ஜெபிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்வதுதான் இதில் மிகக் கடினம். உங்கள் அப்பாவின் குடி நின்றது அந்தச் சபையால். அதற்கு முன்பு சம்பள நாளில் அந்தக் காம்பராவுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நான் ஊகிக்கவே வேண்டியதில்லை. நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன்தான். கொழுந்துக் கூடை சுமந்து உங்களைப் படிக்க வைத்த அம்மாவுக்குப் பாஸ்டர் வெறும் போதகரல்ல, வீட்டுக்கு நிம்மதியைக் கொண்டுவந்தவர். அவர் பார்த்த பெண்ணை வேண்டாம் என்பதும், அவர் பாவம் என்பதை நீங்கள் இயல்பு என்பதும், பழைய நாட்கள் திரும்பிவிடுமோ என்ற பயமாகத்தான் அம்மாவின் காதில் விழும். கோபித்தாலும் ஒப்பாரி வைத்தாலும் அந்தப் பயத்தை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். பக்கத்துக் காம்பராவில் இருமினாலே கேட்கும் சுவர்கள் அவை. அம்மா வாய்விட்டு அழக்கூட அங்கே இடமில்லை. தங்கையோடு கொழும்புக்கு வரச்சொல்லி, அடுத்த நாள் வேலைக்குப் போகும் அவசரம் இல்லாத ஒரு சமயத்தில் சொல்லுங்கள். ‘கொழும்புக்கு அனுப்பித்தானே கெட்டுப்போனாய்’ என்று நிச்சயம் கேட்பார். தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும் என்று எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். தன்மீதே பழிபோட்டுக்கொள்வது அதனால் சற்றுக் குறையலாம். வேலையும், வாடகை கட்ட முடிந்த ஓர் அறையும், உங்கள் பெயரில் கொஞ்சம் சேமிப்பும் உறுதியான பிறகு சொல்வது நல்லது. சில மாதங்கள் வீட்டுக்கு வரவேண்டாம் என்றால், அதைத் தாங்க அவை வேண்டும்.

சபைக்கு எப்போது தெரியவேண்டும் என்பதை அம்மா அறிந்த பிறகு நீங்கள் மூவரும் தீர்மானிக்கலாம். தெரியவே வேண்டாம் என்றும் தீர்மானிக்கலாம். தெரிந்தால் கீபோட்டிலிருந்து உங்களை எழுப்பிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்; அது வலிக்கும். அதுவரை நீங்களாக அதை விட்டு எழ வேண்டாம்.